ஐபோனா ஆண்ட்ராய்டா: சிகரெட்டை விட உதவும் செயலியும் அதைப் பயன்படுத்துபவர்களும்

கேள்வி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருக்கிறது. கோயில் குழு ஒன்றில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு உதவி செய்பவர் கேட்கிறார்: "எல்லோருக்கும் ஒரே செயலியைத்தான் போட்டுக் கொடுக்கிறோம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு மாதம் தாண்டியும் அதைப் பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். ஐபோனில்தான் செயலி நன்றாக வேலை செய்கிறதா? யாருக்கு எதைச் சொல்வது?"

நீங்கள் பார்த்தது உண்மையான வித்தியாசமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எந்த ஃபோனை யார் வாங்குகிறார்கள் என்பது ஒன்று. அந்த ஃபோன் செயலியை என்ன செய்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை உங்களால் மாற்ற முடியாது. இரண்டாவதைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பெரும்பாலான குழுக்கள் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் புது ஐபோன் பெரும்பாலும் 24 அல்லது 36 மாத ஒப்பந்தத்தில் கைக்கு வருகிறது. ஒப்பந்தம் கிடைக்க சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். அப்படியென்றால் அவருக்கு நிலையான வேலை இருக்கிறது. மாதாமாதம் டேட்டா வந்துவிடுகிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ வைஃபை இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ப்ரீபெய்ட் சிம்மில், வாரத்துக்கு ஒருமுறை ஏர்டைம் போட்டு ஓட்டுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரையும், அம்லாங்காவில் குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரையும் ஒரே செயலியைக் கொடுத்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது ஃபோனை அல்ல. ஒருவரைச் சுற்றி இடைவேளைதோறும் ஐந்து பேர் பற்றவைக்கிறார்கள். மற்றவர் பிடிக்க வேண்டுமென்றால் லிஃப்டில் இறங்கிக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். வருமானம் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே சிகரெட்டை விட முயல்கிறார்கள், ஆனால் வெற்றி பெறுவது குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். சூழலும் அடிமைத்தனத்தின் அளவும் அதற்குப் பெரிய காரணங்கள்.

அந்த அளவை இரண்டே கேள்விகளில் கணித்துவிடலாம். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்குப் பிறகு என்றால் 0. ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, 31 அல்லது அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டினால் 0 முதல் 6 வரை ஒரு எண் கிடைக்கும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான அடிமைத்தனம். செயலி மட்டும் போதாது, நிகோட்டின் மாற்றுப் பொருளும் (தோலில் ஒட்டும் பட்டை, மெல்லும் கம் போன்றவை) சேர்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் குழுவில் ஐபோன்காரர்களுக்கும் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கும் இந்த எண்ணைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்பது என் கணிப்பு. அப்படி வேறுபட்டால், யார் தொடர்கிறார் என்பதற்கு விளக்கத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஆராய்ச்சிகளிலும் ஐபோன் பக்கமான இந்தச் சாய்வு ஆரம்பம் முதலே இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் லோரியன் ஏப்ரம்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட முதல் ஆய்வு 47 ஐபோன் செயலிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. சிகரெட்டை விடுவதற்கான மருத்துவ வழிகாட்டு நெறிகளை அவை பெரும்பாலும் பின்பற்றவில்லை என்பது அதன் முடிவு. 2013இல்தான் அவர்கள் ஆண்ட்ராய்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஐபோனுக்கு மட்டும் வந்த செயலியைச் சோதித்தால், அந்த முடிவு ஐபோன் வாங்க முடிந்தவர்களைப் பற்றிய முடிவுதான். சாட்ஸ்வொர்த்தில் ப்ரீபெய்ட் சிம்மில் இருப்பவருக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பிறகு வந்த பெரிய சோதனை 2020இல் வெளியானது. அமெரிக்காவில் 2,415 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஐகேன்குவிட் என்ற செயலியையும் மீதிப் பேருக்கு குவிட்கைட் என்ற செயலியையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, கடந்த 30 நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடிக்காதவர்கள் முதல் பக்கம் 28.2 விழுக்காடு, இரண்டாம் பக்கம் 21.1 விழுக்காடு. இதில் கவனிக்க வேண்டியது, செயலியின் உள்ளே இருக்கும் முறை மாறியதால் இந்த வித்தியாசம் வந்தது என்பதே. சிகரெட் வேண்டும் என்ற தவிப்பை எதிர்த்துச் சண்டை போடாமல், அது வந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பழக்குவது ஐகேன்குவிட்டின் முறை. மற்றது வழக்கமான அறிவுரைகளைத் தருவது. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதன் முறையைப் பாருங்கள். எந்த ஃபோன் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

உங்கள் கணக்கிலேயே ஒரு பொறி ஒளிந்திருக்கலாம். கற்பனையாக இரண்டு பக்கமும் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து வாட்ஸப்பில் "விட்டுவிட்டீர்களா?" என்று கேட்கிறீர்கள். ஐபோன் பக்கம் 70 பேர் பதில் போடுகிறார்கள், 35 பேர் விட்டதாகச் சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு பக்கம் 40 பேர் பதில் போடுகிறார்கள், 20 பேர் விட்டதாகச் சொல்கிறார்கள். பதில் போடாதவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் வழக்கம். அப்படிப் பார்த்தால் 35க்கு 20 என்று ஐபோன் வெகுதூரம் முந்துகிறது. பதில் போட்டவர்களை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிபாதி. ஆண்ட்ராய்டு பக்கம் பதில் குறைந்ததற்கு டேட்டா தீர்ந்தது, எண் மாறியது, ஃபோன் பறிபோனது என்று சிகரெட்டோடு சம்பந்தமில்லாத காரணங்கள் இருக்கலாம். பதில் வராதவர்களை நேரில் பார்த்தோ சாதாரண ஃபோன் அழைப்பிலோ கேட்காமல் முடிவு எடுக்க வேண்டாம்.

இனி ஃபோன் செயலியை என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். உங்கள் கேள்விக்கு மிகவும் பயன்படும் பகுதி இது.

சிகரெட்டை விட உதவும் செயலியின் உயிர் அதன் அறிவிப்பில் இருக்கிறது. தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். காலைத் தேநீருக்கும் மதிய இடைவேளைக்கும் சற்று முன்னால் நினைவூட்டல் வந்தால்தான் பயன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், அதற்குள் அவர் பிடித்து முடித்திருப்பார். அந்த அறிவிப்பு குத்திக்காட்டுவதுபோல் இருக்கும். ஆண்ட்ராய்டில் அறிவிப்பு தாமதமாவதற்கும் வராமலே போவதற்கும் பல காரணங்கள் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் ஃபோன் பேட்டரியை மிச்சப்படுத்தச் செயலிகளை உறங்க வைக்கிறது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், செயலி அனுமதி கேட்டு நீங்கள் சம்மதித்தால்தான் அறிவிப்பே காட்டும். நிறுவும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்று தட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். சரியான நிமிடத்தில் மணி அடிக்க "அலாரமும் நினைவூட்டலும்" என்று இன்னொரு தனி அனுமதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை.

இதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போடுகிறது. சாம்சங்கில் செட்டிங்ஸ், பேட்டரி, பின்னணிப் பயன்பாட்டு வரம்பு என்று போனால் உறங்கும் செயலிகள், ஆழ்ந்து உறங்கும் செயலிகள், உறங்கவே கூடாத செயலிகள் என்று மூன்று பட்டியல் இருக்கும். சில நாள் திறக்காத செயலி தானாக முதல் பட்டியலுக்குள் போய்விடும். நீங்கள் அதை மூன்றாவதில் சேர்க்க வேண்டும். ஷாவ்மியில் "ஆட்டோஸ்டார்ட்" என்பதை ஆன் செய்து, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஹுவாவெயில் "ஆப் லாஞ்ச்" என்ற இடத்தில் அந்தச் செயலியின் தானியங்கி நிர்வாகத்தை அணைத்து, கீழே வரும் மூன்று பொத்தான்களையும் ஆன் செய்ய வேண்டும். ஹுவாவெய் நம்மூரில் பலர் கையில் இருக்கிறது. 2019க்குப் பிறகு வந்த அதன் பல மாடல்களில் கூகுள் சேவையே கிடையாது. பிளே ஸ்டோர் இல்லாததால் வேறெங்கோ கிடைத்த கோப்பிலிருந்து செயலியை நிறுவிவிடுகிறார்கள். செயலி திறக்கிறது, ஆனால் கூகுள் வழியாக வர வேண்டிய அறிவிப்பு ஒன்றுகூட வராது. அப்படிப்பட்ட ஃபோனுக்குச் செயலியைப் பரிந்துரைக்கவே வேண்டாம், குறுஞ்செய்தியே மேல்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே சோதித்துவிடுங்கள். இருபது நிமிடம் கழித்து வரும்படி ஒரு நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்து, ஃபோனை மேசையில் வையுங்கள், சார்ஜரில் போட வேண்டாம். வந்தால் நல்லது. வராவிட்டால் மேலே சொன்ன இடங்களை மறுபடி பாருங்கள். பிறகு ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு, செயலியில் தவிப்பு வரும்போது தட்டும் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். இணையம் இல்லாமல் அது திறக்காவிட்டால், டேட்டா தீர்ந்த அன்றும் மின்தடையில் டவர் போன அன்றும் அவருக்கு உதவி கிடைக்காது. இந்தச் சோதனையில் தேறாத செயலியை, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், ப்ரீபெய்ட்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

ஐபோனில் தொந்தரவு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அறிவிப்பு அனுமதியை ஒருமுறைதான் கேட்கும். மறுத்துவிட்டால் செட்டிங்ஸில் போய்த்தான் மாற்ற வேண்டும். 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், அறிவிப்புகளைச் சேர்த்துவைத்துக் குறித்த நேரத்தில் மொத்தமாகக் காட்டும் வசதி இருக்கிறது. அந்தத் தொகுப்புக்குள் இந்தச் செயலி இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோகஸ் முறையிலும் இதற்கு விலக்குக் கொடுங்கள். கைமாறி வாங்கிய பழைய ஐபோன்கள் தனி விஷயம். ஐபோன் 7 ஐஓஎஸ் 15ஓடு நின்றுவிட்டது. ஐபோன் 8உம் ஐபோன் எக்ஸும் 16ஓடு நின்றுவிட்டன. புதுச் செயலிகள் சில அவற்றில் இறங்காது, அல்லது பழைய பதிப்பு மட்டும் இறங்கும். அப்படிப்பட்ட ஐபோனை வைத்திருப்பவரின் நிலை மலிவு ஆண்ட்ராய்டுக்காரரின் நிலைதான்.

பணக் கணக்கு இரண்டு ஃபோனிலும் ஒரே மாதிரி தவறுகிறது. "ஒரு பாக்கெட் என்ன விலை, எத்தனை சிகரெட்?" என்று செயலி கேட்கும். நம்மூரில் ஸ்பாசா என்னும் சிறு கடையில் லூஸாக, ஒவ்வொரு சிகரெட்டாக, வாங்குபவர்கள் எவ்வளவோ பேர். அவர்கள் ஏதோ ஒரு பாக்கெட் விலையைப் போட்டுவிடுகிறார்கள். சேமித்த பணம் என்று செயலி காட்டும் எண் அவர்கள் பையோடு ஒத்துப்போவதில்லை. செயலி மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. ஒரு லூஸ் 3 ராண்ட் என்றால் 20ஆல் பெருக்கி 60 என்று போடுங்கள், பாக்கெட்டில் 20 என்று போடுங்கள், கணக்கு சரியாகிவிடும். வரி கட்டாத மலிவு பாக்கெட் வாங்குபவரானால் அவர் உண்மையில் கொடுக்கும் விலையைத்தான் போட வேண்டும். 2020இல் மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை சிகரெட் விற்பனைக்கே தடை இருந்த காலத்தில் கள்ள விற்பனை பரவியது. அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருப்பதால், கடை விலையை வைத்து நீங்களாக ஊகிக்காதீர்கள். ஹப்ளி (ஹுக்கா) பிடிப்பவர்களுக்குப் பெரும்பாலான செயலிகளில் இடமே இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டு வார இறுதியில் ஹப்ளியில் உட்கார்ந்தால் செயலி "40 நாள்" என்று காட்டிக்கொண்டிருக்கும், நிகோட்டின் உடலில் போய்க்கொண்டிருக்கும். முதல் நாளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இலவசம் என்று இறக்கிய செயலி சில நாள் சோதனைக்குப் பிறகு சந்தா பிடிக்கலாம். செயலியை ஃபோனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. இரண்டு ஃபோனிலும் செயலிக் கடையில் (ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோர்) உங்கள் கணக்குக்குள் போய்ச் சந்தாப் பட்டியலில் ரத்து செய்ய வேண்டும்.

நாள் எண்ணிக்கை அழிந்துபோவது இதைவிட மோசம். ஃபோன் பறிபோவது நமக்குப் புதிதல்ல. ஐபோனில் ஐகிளவுட் பேக்கப் ஆன் செய்திருந்தால் புது ஐபோனில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆண்ட்ராய்டில் கூகுள் ஒவ்வொரு செயலிக்கும் 25 எம்பி வரை தானாகச் சேமிக்கும், ஆனால் வழக்கமாக வைஃபையில், சார்ஜ் ஆகிக்கொண்டு, சும்மா இருக்கும்போதுதான். வீட்டில் வைஃபை இல்லாதவருக்கு அது மாதக்கணக்கில் நடக்காமலே போகலாம். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவருக்கு, செயலியில் கணக்குத் தொடங்கியிருந்தால் ஒழிய, எதுவும் கூட வராது. 52ஆம் நாளில் இருந்தவர் திரையில் 0 என்று பார்த்தால் மனம் விட்டுப்போகும். மின்னஞ்சல் கணக்கோடு தொடங்கச் சொல்லுங்கள். விட்ட தேதியைக் குழுவின் நோட்டிலும் எழுதிவையுங்கள். தேதி தெரிந்தால் புது ஃபோனில் அதே தேதியைப் போட்டு எண்ணிக்கையை மீட்டுவிடலாம்.

செயலி ஓடாத ஃபோன் வைத்திருப்பவரை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வு, குறுஞ்செய்தி பற்றிய 13 ஆய்வுகளையும் 14,133 பேரையும் தொகுத்துப் பார்த்தது. சிகரெட்டை விடும் குறுஞ்செய்தித் திட்டத்தில் இருந்தவர்கள், மிகக் குறைந்த உதவி மட்டும் பெற்றவர்களைவிட 1.54 மடங்கு அதிகம் விட்டிருந்தார்கள். அதே மதிப்பாய்வில் செயலிகளுக்கு 5 ஆய்வுகள்தான் கிடைத்தன. பலன் உண்டென்று அவற்றால் காட்ட முடியவில்லை. ஐகேன்குவிட் முடிவு அதற்குப் பிறகு வந்தது. குறுஞ்செய்தியைப் பெற டேட்டா தேவையில்லை. பேட்டரிக் கட்டுப்பாடும் அதை நிறுத்துவதில்லை. பொத்தான் ஃபோனிலும் வரும். உங்கள் குழுவே செய்யலாம். விடும் தேதிக்கு முந்தைய வாரம் நாளுக்கு ஒன்று, விட்ட முதல் இரண்டு வாரம் நாளுக்கு மூன்று (எழும் நேரம், மதிய இடைவேளை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்), அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள், ஆகையால் அந்த வாரத்துச் செய்திகளைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் அவர் பெயர் இருக்கட்டும், உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கட்டும். "ராஜு அண்ணா, ஷிஃப்ட் இடைவேளை இன்னும் 10 நிமிடத்தில். கேன்டீன் பக்கம் போங்கள், புகைக்கும் கூட்டம் நிற்கும் பக்கம் வேண்டாம்" என்பது, "புகை உடலுக்குப் பகை" என்பதைவிடப் பயன் தரும். பேசிப் பார்க்க விரும்புபவருக்குத் தேசியப் புகைத்தடுப்புக் குழுவின் உதவி எண் 011 720 3145.

நிகோட்டின் மாற்றுப் பொருளை ஃபோன் பேச்சுக்குள் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. செயலிகளில் இருக்கும் மருந்துக் குறிப்புகள் வேறு நாட்டுக் கடைகளை மனதில் வைத்து எழுதியவை. நாளுக்கு 10க்கு மேல் பிடிப்பவர் ஒட்டுப்பட்டையில் பெரிய அளவில் தொடங்குவார்: 24 மணி நேரப் பட்டையில் 21 மி.கி., பிறகு 14, பிறகு 7. 16 மணி நேரப் பட்டையில் 25, 15, 10. எழுந்து 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. மெல்லும் கம், மற்றவருக்கு 2 மி.கி. கம்மை மிட்டாய்போல் மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம்முக்கு அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிலிருந்து தேநீர், காபி, குளிர்பானம் வேண்டாம். இதயநோய் உள்ளவரும் கர்ப்பிணியும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கடுமையான அடிமைத்தனம் உள்ளவருக்குச் செயலியில் ஒரு நினைவூட்டலைப் பட்டை மாற்றும் நேரத்துக்கே ஒதுக்கிவிடுங்கள்.

விடும் தேதியைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மவர்களில் பலர் புரட்டாசி முழுவதும் புலால் தொடுவதில்லை. தைப்பூசக் காவடிக்கு முன் விரதம் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வீடே ஒழுங்குக்கு வந்திருக்கும், மதுவும் விலகியிருக்கும். சிகரெட்டோடு மது சேரும்போதுதான் வழுக்கல் அதிகம் என்பதால் இது பெரிய துணை. புரட்டாசி முதல் நாளையே விடும் தேதியாகச் செயலியில் போடுங்கள். ஆனால் விரதம் முடியும் நாளுக்கு இப்போதே திட்டம் வேண்டும். அன்று பிரை போட்டு இறைச்சி சுடுவார்கள், பாட்டில் திறப்பார்கள், பழைய கூட்டாளி ஒரு சிகரெட்டை நீட்டுவார். விரதம் முடியும் நாளுக்கும் அடுத்து வரும் மூன்று நாளுக்கும் நினைவூட்டல்களை இரட்டிப்பாக்கி வையுங்கள். குழுவில் ஒருவர் அன்று மாலை நேரில் அழைக்கட்டும். பல செயலிகள் நான்கு வாரத்துக்குப் பிறகு தாமாகவே அறிவிப்பைக் குறைத்துவிடும். புரட்டாசி முடிவதும் ஏறக்குறைய அதே சமயம் என்பதால் இதைக் கையால் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்த முறை குழுவில் ஆள் சேரும்போது ஒரு நோட்டில் இவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: ஃபோன் மாடலும் அதன் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் எண்ணும், ப்ரீபெய்டா ஒப்பந்தமா, வீட்டில் வைஃபை உண்டா, அந்த இரண்டு கேள்வியின் புள்ளி, வேலை நேரம், இருபது நிமிடச் சோதனையில் அறிவிப்பு வந்ததா, விட்ட தேதி, செயலியைக் கடைசியாகத் திறந்த தேதி. 4, 12, 26 வாரங்களில் "கடந்த 7 நாளில் ஒரு இழுப்பாவது இழுத்தீர்களா?" என்ற ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். பிறகு ஐபோன், ஆண்ட்ராய்டு என்று பிரிப்பதற்கு முன், ஒரே புள்ளி உள்ளவர்களையும் ஒரே மாதிரி டேட்டா உள்ளவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவிப்பு ஒழுங்காக வந்த ஆண்ட்ராய்டுக்காரர்கள் எவ்வளவு நாள் தொடர்ந்தார்கள் என்பதைத் தனியாக எண்ணுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான விடை அந்த வரிசையில்தான் கிடைக்கும்.